அயர்லாந்துக் கடைத்தெருவும் அப்பாவின் பற்று நோட்டும்



மகள் வீட்டுக்கு, அயர்லாந்தில் உள்ள கார்க் நகரத்துக்கு, வந்து நான்கு மாதம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது. மழை பழகவில்லை. போன வாரம் நான் போட்ட மீன்கடைப் படத்தைப் பார்த்துவிட்டு, 'சார், கோட்டை, அரண்மனை எல்லாம் இருக்கும்போது வரலாற்று வாத்தியாருக்கு மீன்கடையில் என்ன வேலை?' என்று ஒரு பழைய மாணவர் கேட்டிருந்தார். வீட்டில் இருப்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். கோட்டையை ஒரு நாளில் பார்த்து முடித்துவிடலாம். கடைத்தெருவைப் பார்க்க நான்கு மாதம் போதவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நேரம் இருக்கிறவர்கள் படியுங்கள். வகுப்பு மாதிரி மணி அடிக்காது.

படத்தில் இருப்பது 'இங்கிலீஷ் மார்க்கெட்'. 1788ஆம் ஆண்டு திறந்த கூரைச் சந்தை. இன்றும் அதே இடத்தில் நடக்கிறது. உள்ளே போனால் நடுவில் ஒரு நீரூற்று, மேலே மாடம், சுற்றிலும் இறைச்சி, மீன், ரொட்டி, பாலாடைக்கட்டி. மீன் பலகையில் நம் அயிலை மாதிரியே ஒரு மீன் ஐஸில் கிடந்தது. கையால் தொட்டுச் செவுளைத் தூக்கிப் பார்க்கலாமா என்று மகளிடம் கேட்டேன். 'அப்பா, தயவுசெய்து வேண்டாம்' என்றாள். பக்கத்துக் கடையில் ஆட்டுக்குடலும், ரத்தத்தை உறையவைத்துச் செய்த 'டிரிஷீன்' என்ற பண்டமும் இருந்தன. இந்த ஊர்க்காரர்கள் இரண்டையும் சேர்த்துச் சமைப்பார்களாம். குடலும் ரத்தமும் ஏழைகள் சாப்பாடு என்பது உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது. நல்ல கறி ஏற்றுமதிக்குப் போய்விடும். மிஞ்சியதை ஊர்க்காரர்கள் ருசியாகச் சமைக்கக் கற்றுக்கொள்வார்கள்.

அயர்லாந்து நாட்டில், ஐரிஷ்காரர்கள் நடத்தும் சந்தைக்கு எதற்கு 'இங்கிலீஷ்' என்று பெயர்? அந்தக் காலத்தில் கார்க் நகர சபை முழுக்க இங்கிலாந்து ஆட்சிக்கு ஆதரவான புராட்டஸ்டண்ட் குடும்பங்களின் கையில் இருந்தது. ஊரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அவர்களுக்கு நகர சபையில் இடமே கிடையாது. 1840இல் நகராட்சிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. புதிதாக வந்த நகர சபை, எளிய மக்களுக்கென்று 1843இல் இன்னொரு சந்தையைத் திறந்தது. அதை 'ஐரிஷ் மார்க்கெட்' என்றார்கள். அதனாலேயே பழையது 'இங்கிலீஷ் மார்க்கெட்' ஆனது. ஐரிஷ் சந்தை போய்விட்டது, இங்கிலீஷ் சந்தை நிற்கிறது. 2011இல் எலிசபெத் ராணி இந்த நாட்டுக்கு வந்தபோது, இந்தச் சந்தைக்குள் வந்து ஒரு மீன்காரரோடு நின்று வாய்விட்டுச் சிரித்த படம் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அதற்கு முன் பிரிட்டிஷ் அரசர் ஒருவர் இந்தப் பகுதிக்கு வந்து சரியாக 100 ஆண்டு ஆகியிருந்தது. இடையில் ஒரு சுதந்திரப் போரே நடந்து முடிந்திருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து இங்கே கிழவர்கள் அழுதார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

இன்னொரு செய்தி. 1980 ஜூன் மாதம் இந்தச் சந்தையில் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோனது. நகர சபை அதை இடித்துத் தள்ளாமல், பழைய மாதிரியே திரும்பக் கட்டியது. 1986இல் மறுபடியும் தீ. மறுபடியும் சரிசெய்தார்கள். இதைக் கேட்டதும் எனக்கு நம் மூர் மார்க்கெட் ஞாபகம் வந்தது. அது 1985இல் எரிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. பி.எட். படித்த காலத்தில் அங்கே பழைய புத்தகம் பொறுக்கியவன் நான். அதனால் இதற்கு மேல் சொன்னால் ஒருபக்கச் சார்பாகிவிடும்.

ஆனால் மூர் மார்க்கெட்டுக்கும் அயர்லாந்துக்கும் ஒரு நூல் தொடர்பு உண்டு. அதைச் சொல்வதற்கு முன் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும்.

34 வருஷம் உங்களுக்கு நான் வரலாறு நடத்தினேன். அயர்லாந்துப் பஞ்சம் பற்றி யாராவது கேட்டால், 'உருளைக்கிழங்கில் நோய் வந்தது, சாப்பாடு இல்லை, மக்கள் செத்தார்கள்' என்று மூன்று வரியில் சொல்லி முடித்துவிடுவேன். அது தவறு. 1845இல் கிழங்கில் நோய் வந்தது உண்மை. ஆனால் அந்த நாட்டில் கோதுமையும் ஓட்ஸும் விளைந்தன. மாடு இருந்தது, பன்றி இருந்தது, வெண்ணெய் இருந்தது. இந்த கார்க் நகரத்திலேயே ஷாண்டன் என்ற மேட்டில் ஒரு வெண்ணெய்ச் சந்தை நடந்தது. 1770இல் தொடங்கி 1924 வரை நடந்தது. மேற்கே கெர்ரி மலைப்பகுதியிலிருந்து வெண்ணெய் கொண்டுவருவதற்கென்றே தனிச் சாலை போட்டிருந்தார்கள். 56 ராத்தல் பிடிக்கும் மரப்பீப்பாய்களில் வந்த வெண்ணெயைத் தரம் பிரித்து முத்திரை குத்திக் கப்பலில் ஏற்றினார்கள். மேற்கிந்தியத் தீவுகள் வரைக்கும் போனது. மாட்டை வளர்த்தவன், கடைந்தவள், இரண்டு பேருமே அதைத் தின்னவில்லை. வெண்ணெய் விற்ற காசு நிலவாடகைக்குப் போனது. அவர்கள் தின்றது கிழங்கும் மோரும். அந்தக் கிழங்குதான் அழுகிப்போனது.

அப்போது இங்கிலாந்தின் பிரதமர் ராபர்ட் பீல். ஒரு லட்சம் பவுனுக்கு அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் ரகசியமாக வாங்கி, மாவாக்கி, ராத்தல் ஒரு பென்னிக்கு விற்கச் சொன்னார். இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விற்க வேண்டும் என்பது கொள்கை. அந்த மாவுக்கு இங்கே பெயர் 'இந்தியன் மீல்'. நம்மிடமிருந்து போனதல்ல. செவ்விந்தியர்களின் தானியம், அதனால் அந்தப் பெயர். முதலில் சரியாக அரைக்கவும் தெரியவில்லை, வேகவைக்கவும் தெரியவில்லை. தின்றவர்களுக்கு வயிற்றுப்போக்கு. மஞ்சள் நிறத்தைப் பார்த்து 'பீலின் கந்தகம்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷம் பீல் ஆட்சி போனது. பின்னால் வந்தவர்கள் 'வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது' என்று கடையை வியாபாரிகளிடமே விட்டார்கள். மாவு விலை ஏறியது. சாலை போடும் நிவாரண வேலைக்குக் கொடுத்த கூலி அதை வாங்கப் போதவில்லை. 1846 கடைசியில், மக்கள் வழியில் விழுந்து செத்துக்கொண்டிருந்தபோது, துறைமுகத்தில் தானியம் ஏறிக்கொண்டிருந்தது. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: 1847இல் வெளியே போனதைவிட உள்ளே வந்த தானியம்தான் அதிகம். ஆனால் அதற்குள் வாங்கக் கையில் காசு இருந்தவர்கள் குறைந்துபோனார்கள். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகமானவர்கள் கப்பலேறினார்கள். கடையில் பொருள் இருக்கும்போதே பஞ்சம் வரும் என்று அமர்த்தியா சென் வங்கப் பஞ்சத்தை வைத்து 1981இல் எழுதினார். நான் அதைப் படித்திருக்கிறேன். படித்துவிட்டும் வகுப்பில் அந்த மூன்று வரியையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பஞ்ச நிவாரணத்துக்கு லண்டன் கருவூலத்தில் பொறுப்பாக இருந்தவர் சார்லஸ் டிரெவெலியன். ஐரிஷ்காரர்கள் இன்றும் மறக்காத பெயர். அவரே 1859இல் நம் மதராஸ் ராஜதானிக்கு கவர்னராக வந்தார். கல்கத்தாவின் புது வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததால் ஒரே வருஷத்தில் திருப்பி அழைக்கப்பட்டார். மதராஸ் ஜனங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. 'பீப்பிள்ஸ் பார்க்' என்ற பெரிய பூங்கா அவர் காலத்தில் வந்தது. அந்தப் பூங்காவின் ஓரத்தில்தான் பின்னால் மூர் மார்க்கெட் எழுந்தது. ஒரே ஆள். ஓர் ஊரில் பூங்கா, ஓர் ஊரில் சாபம். தேர்வில் 'நல்லவரா கெட்டவரா' என்று கேள்வி வைக்காமல் விட்டேனே, அந்தவரைக்கும் சரி.

பஞ்சத்துக்குப் பிறகு கிராமங்களில் ஒரு புதுப் பெரிய மனிதன் வளர்ந்தான். கடைக்காரன். ஐரிஷ் மொழியில் வட்டிக்கு 'கைம்பீன்' மாதிரி ஒரு சொல் உண்டு. அதிலிருந்து 'காம்பீன் மேன்' என்று அவனுக்குப் பெயர் வந்தது. முன்பக்கம் மளிகை, பின்பக்கம் சாராயம், நடுவில் கடன் நோட்டு. இன்றும் பழைய மதுக்கடைகளின் வாசல் பலகையில் 'மளிகை' என்றும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். மாவு, தேயிலை, சர்க்கரை, விதை, உரம் எல்லாம் அவனிடமே வாங்க வேண்டும். முட்டையும் வெண்ணெயும் அவனிடமே விற்க வேண்டும். முட்டைக்கு அவன் சொன்ன விலை, சர்க்கரைக்கும் அவன் சொன்ன விலை. முட்டைக் காசு என்பது பெண்கள் காசு. ஆண்கள் தொடுவதில்லை. அந்தக் காசில்தான் தேயிலை, சர்க்கரை, பிள்ளைகளுக்குச் செருப்பு. அமெரிக்காவுக்குப் போன மகள் கிறிஸ்துமஸுக்கு அனுப்பும் பணம் கடைக்காரனின் நோட்டில் வரவாகப் போய் விழும். அதிலும் பழைய பாக்கி தீராது. தீர்ந்தால் நாளைக்கு வேறு கடைக்குப் போய்விடுவார்களே.

இதைப் படிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருந்தது. காரணம் உறவினர்களுக்குத் தெரியும். மாணவர்கள் பலருக்குத் தெரியாது. என் அப்பாவும் மளிகைக்கடைதான். சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மண் சுவர் வைத்த கடை. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நீளமான பற்று நோட்டு ஒன்று சிவப்பு அட்டையில் ஆணியில் தொங்கும். எனக்குக் கூட்டல் கழித்தல் வந்தது அந்த நோட்டில்தான். வட்டி வாங்கியவர் அல்ல அப்பா. ஆனால் கடன்காரர்களுக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை என்பது எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். 1966, 67இல் அரிசி கிடைக்காத காலம். எனக்குப் பதினொரு வயது. ஒரு சாயங்காலம் ஒரு அம்மா கடை வாசலில் வந்து நின்று, 'அண்ணாச்சி, ஒரு உழக்கு மட்டும், பிள்ளை அழுகுது' என்றார். அப்பா நோட்டைத் திறந்து பாக்கியை வாசித்தார். உரக்க வாசித்தார், கடையில் நாலு பேர் நின்றார்கள். பிறகு 'போன பாக்கி வரட்டும்' என்றார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மூட்டையில் அரிசி இருந்தது. நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அழுத பிள்ளை பிறகு என்னிடமே பத்தாம் வகுப்பு படித்தார். நன்றாகப் படித்தார், நல்ல நிலைமையில் இருக்கிறார், இந்தப் பக்கத்தையும் படிக்கிறார். பெயர் சொல்லப்போவதில்லை. அவரிடம் இதைப் பேச எனக்கு 40 வருஷம் வாய் வரவில்லை. அப்பாவின் பக்கமும் ஒன்று உண்டு: மொத்த வியாபாரி அவருக்குக் கடன் கொடுக்கவில்லை, கடையே அந்த வருஷம் மூடும் நிலையில் இருந்தது. உழக்கு அரிசியால் கடை மூடியிருக்குமா என்றால், மூடியிருக்காது.

சரி, அயர்லாந்துக்கே வருவோம்.

கடைக்காரன் பொருள் தரமாட்டேன் என்று சொல்வது எளியவர்களை மட்டும்தான் அடிக்கும் என்றில்லை. ஒருமுறை அது மேல்நோக்கியும் அடித்தது. 'பாய்காட்' என்ற சொல்லைச் சுதந்திரப் போராட்டப் பாடத்தில் பகிஷ்காரம் என்று நூறு தடவை நடத்தியிருப்பேன். அது ஓர் ஆளின் பெயர் என்றும் சொல்லியிருப்பேன். ஆனால் அதில் மளிகைக்கடைக்கு இருந்த பங்கைச் சொல்லவில்லை. 1880இல், மேயோ மாவட்டத்தில் மாஸ்க் ஏரிக்கரையில், ஒரு பிரபுவின் நிலத்துக்கு ஏஜெண்டாக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். விளைச்சல் மோசம், வாடகையைக் குறையுங்கள் என்று குடியானவர்கள் கேட்டார்கள். அவர் கேட்டபடி குறைக்காமல், வெளியேற்ற நோட்டீஸ் கொண்டுபோனார். அந்த செப்டம்பரில்தான் பார்னல் என்ற தலைவர் என்னிஸ் ஊரில் பேசும்போது, அடிக்காதீர்கள், ஒதுக்கிவையுங்கள் என்று சொல்லியிருந்தார். அதைத்தான் செய்தார்கள். அறுவடைக்கு ஆள் வரவில்லை. துணி வெளுப்பவர் வரவில்லை. கொல்லர் லாடம் அடிக்கவில்லை. பாலின்ரோப் ஊர்க் கடைகளில் அவர் வீட்டுக்குச் சாமான் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ரொட்டியும் மாவும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. கையில் காசு இருக்கிறது, கடையில் பொருள் இருக்கிறது, வாங்க முடியவில்லை. பஞ்சத்தை அப்படியே கவிழ்த்துப் போட்ட மாதிரி!

வடக்கிலிருந்து 50 ஆட்களைக் கொண்டுவந்து, சுமார் ஆயிரம் சிப்பாய்களைக் காவல் வைத்து அறுவடை செய்தார்கள். 500 பவுன் விளைச்சலுக்கு 10,000 பவுன் செலவு என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள். டிசம்பர் முதல் தேதி பாய்காட் நாட்டைவிட்டே போனார். அவர் பெயர் அகராதியில் தங்கிவிட்டது. 25 வருஷம் கழித்து வங்கத்தில் சுதேசி இயக்கம் தொடங்கியபோது நம்மவர்கள் எடுத்துக்கொண்ட சொல் அதுதான். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: சாமான் கொடுக்க மறுத்த கடைக்காரர்களில் எத்தனை பேர் மனமொத்துச் செய்தார்கள், எத்தனை பேர் பயந்து செய்தார்கள் என்பது நோட்டில் எழுதிவைக்கிற கணக்கல்ல.

கடன் நோட்டை உடைத்தது வேறு வழி. டோனகல் மாவட்டத்தில் டங்லோ என்ற ஊர். பாட்ரிக் கல்லஹர் என்று ஓர் ஏழைக் குடியானவர். சிறு வயதிலேயே கூலிக்குப் போனவர். ஸ்காட்லாந்தில் வேலை செய்தபோது அங்கே கூட்டுறவுக் கடையில் சாமான் வாங்கிப் பழகியவர். ஊருக்குத் திரும்பி, உரத்தை மொத்தமாகக் கூட்டாக வாங்கினால் என்ன என்று ஆரம்பித்து, 1906இல் டெம்பிள்குரோன் கூட்டுறவுச் சங்கத்தை வைத்தார். உள்ளூர் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? எல்லா இடைஞ்சலும் கொடுத்தார்கள். சங்கம் முட்டை வாங்கியது, மளிகை விற்றது, பெண்களுக்குப் பின்னலாடை ஆலை வைத்தது. 'கோ-ஆப்' என்ற சொல் அந்த ஊர் வாயில் 'கோப்' ஆகி, அவரும் 'பேடி த கோப்' ஆகிவிட்டார். அந்தக் கடை இன்றும் நடக்கிறது. நம் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுக் கடை, அதுதான் டியூசிஎஸ், அதற்கு இரண்டு வருஷம் மூத்தது, 1904. இரண்டுக்கும் தாத்தா இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளிகள் வைத்த கடை.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிச் சொன்னேனே, அவருக்கு வயது 88. தினமும் நான்கு மணிக்கு என்னைத் தேநீருக்குக் கூப்பிடுவார். கறுப்பாக, கரண்டி நிற்கும் கனத்தில் போட்டுப் பால் ஊற்றுவார். நம் ஊர் டீக்கடை தோற்றது. உலகத்தில் தலைக்கு அதிகமாகத் தேநீர் குடிக்கிற நாடுகளில் இது ஒன்று. அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது இரண்டாம் உலகப்போர். அயர்லாந்து நடுநிலை வகித்தது. அந்தக் காலத்தை இவர்கள் 'போர்' என்று சொல்வதில்லை, 'நெருக்கடி' என்கிறார்கள். (நமக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம், 1975!) தேயிலை முழுக்க லண்டன் வழியாக வந்துகொண்டிருந்தது. 1941இல் பிரிட்டன் அதைக் குறைத்துவிட்டது. ரேஷன் ஆளுக்கு வாரம் அரை அவுன்ஸ் வரைக்கும் இறங்கியது. அரை அவுன்ஸ் என்றால் 14 கிராம். மூன்று நான்கு கோப்பை வரும். அவருடைய அம்மா போட்ட தூளைக் காயவைத்துத் திரும்பப் போடுவாராம். கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே ஒரு பொட்டலம் வைத்திருப்பார், அது யாருக்குக் கிடைக்கும் என்பதில் ஊர் அரசியல் முழுவதும் இருந்தது என்றார். எல்லைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ரயிலேறி பெல்ஃபாஸ்ட் போய்த் தேயிலையும் வெள்ளை ரொட்டியும் ஒளித்துக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்தவர்கள் இந்தப் பக்கம் வந்து வெண்ணெய் கொண்டுபோனார்கள்.

எல்லை தாண்டிச் சாமான் வாங்குவது அதோடு நிற்கவில்லை. 80களில் வரி குறைவென்று தெற்கத்திக்காரர்கள் கூட்டம் கூட்டமாக நியூரி போனார்கள். 1987இல் அரசு, 48 மணி நேரம் வெளியே தங்கியிருந்தால்தான் வரிச்சலுகை என்று விதி போட்டது. சோப்பு வாங்கப் போனவன் இரண்டு ராத்திரி எங்கே தங்குவான்? ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது.

தராசு வைத்து நிறுத்துக் கொடுத்த கடைகள் 50, 60களில் மாறத் தொடங்கின. தானே எடுத்துக்கொள்ளும் கடைகள் வந்தன. 1944இல் இதே கார்க் நகரத்தில் பென் டன் என்பவர் துணிக்கடையாகத் தொடங்கிய 'டன்ஸ் ஸ்டோர்ஸ்' பின்னால் மளிகையிலும் இறங்கியது. 1960இல் டன்டாக் ஊரில் ஃபெர்கல் குவின் ஒரு கடை வைத்தார். அது 'சூப்பர்குவின்' ஆனது. முதலாளியே கல்லாவில் நின்று வாடிக்கையாளருக்குப் பையில் போட்டுக் கொடுப்பாராம். பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள் என்று தாய்மார்கள் சொன்னதும், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த மிட்டாயை எடுத்துவிட்டாராம். அவர் கடைச் சங்கிலியும் 2011இல் கைமாறியது. 97இல் பிரிட்டனிலிருந்து டெஸ்கோ, 99இல் ஜெர்மனியின் ஆல்டி, அடுத்த வருஷம் லிடில். வாங்கின விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று 1987இல் ஒரு மளிகை உத்தரவு இருந்தது. சிறுகடைகளைக் காப்பாற்ற என்றார்கள். விலை ஏறத்தான் அது உதவுகிறது என்று 2006இல் எடுத்துவிட்டார்கள். இரண்டு கட்சியிலும் நியாயம் இருந்தது.

இதையெல்லாம் வேகமாகச் சொல்வதற்குக் காரணம், நான் சொல்ல விரும்புவது ஒரு கல்லாப் பெண்ணைப் பற்றி.

டப்ளினில் மூர் தெரு என்று ஒரு காய்கறித் தெரு. தள்ளுவண்டியில் பெண்கள் பழமும் மீனும் விற்கும் தெரு. (ஹென்றி மூர், டிரோகிடா பிரபு என்று ஒருவர் தன் பெயரைத் துண்டு துண்டாக்கி ஹென்றி தெரு, மூர் தெரு, பிரபு தெரு என்று வைத்துக்கொண்டார். நம் மூர் வேறு ஆள்.) 1916 எழுச்சியில் தபால் நிலையம் எரிந்தபோது, தலைவர்கள் இந்தத் தெரு வீடுகளின் சுவரைக் குடைந்துகொண்டே போய், கடைசியில் இங்கிருந்துதான் சரணடைந்தார்கள். இன்று அதே தெருவில் ஆப்பிரிக்க, ஆசியக் கடைகள் நிறைய. எனக்குக் கறிவேப்பிலை கிடைத்தது.

மூர் தெரு முனையில் ஹென்றி தெரு. அங்கே டன்ஸ் கடையில் 1984 ஜூலை 19 அன்று, 21 வயதான மேரி மேனிங் கல்லாவில் இருந்தார். ஒரு வாடிக்கையாளர் இரண்டு கிரேப்ஃப்ரூட் பழங்களை வைத்தார். நம் பம்பளிமாஸுக்குத் தம்பி மாதிரி ஒரு பழம். தென்னாப்பிரிக்காவில் விளைந்தது. நிறவெறி நாட்டுப் பொருளைத் தொடக் கூடாது என்று அவர்களுடைய சங்கம் சொல்லியிருந்தது. மேரி, இதற்கு நான் பில் போட முடியாது என்றார். நிர்வாகம் அவரை இடைநீக்கம் செய்தது. தோழியர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். அந்தக் கூட்டத்தில் அநேகம் பேருக்கு அன்றைக்கு நிறவெறி என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. அவர்களே பின்னாளில் அப்படித்தான் சொன்னார்கள். சம்பளம் போனது, வாரம் 21 பவுன் வேலைநிறுத்தப் படி. நாடுகடத்தப்பட்டு டப்ளினில் வாழ்ந்த நிம்ராட் செஜாகே என்ற தென்னாப்பிரிக்கர் மறியலில் வந்து சேர்ந்துகொண்டு, நடைபாதையில் நின்றே அவர்களுக்குத் தன் நாட்டைப் பற்றிப் பாடம் நடத்தினார். வாத்தியார் என்றால் அவர்தான் வாத்தியார்.

வாரக்கணக்கில் முடியும் என்று நினைத்தது, இரண்டே முக்கால் வருஷம் போனது. முதல் வருஷக் கடைசியில், நோபல் பரிசு வாங்கப் போகும் வழியில் டெஸ்மண்ட் டூட்டு இவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். மறுவருஷம் இவர்கள் தென்னாப்பிரிக்காவுக்கே போனபோது, விமான நிலையத்தைவிட்டு வெளியே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. 1987இல் தென்னாப்பிரிக்கக் காய்கனி இறக்குமதியை அயர்லாந்து அரசு தடை செய்தது. 1990இல் விடுதலையாகி டப்ளின் வந்த மண்டேலா இவர்களைச் சந்தித்தார். பாய்காட் என்ற சொல் பிறந்த நாட்டில், 104 வருஷம் கழித்து, அதே ஆயுதம் கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்ணின் கையில். என் அப்பாவின் கல்லாவையும் நினைத்துக்கொண்டேன். 'தரமாட்டேன்' என்ற அதே சொல்தான்.

இன்றைய கடைக்கு வருகிறேன். பிளாஸ்டிக் பைக்கு 2002 மார்ச்சில் 15 சென்ட் வரி போட்டார்கள். ஆளுக்கு வருஷம் 328 பை வாங்கியவர்கள் 21 பைக்கு இறங்கினார்கள். இப்போது 22 சென்ட். நான் நம் ஊர் மஞ்சள் பையோடு போகிறேன். கல்லாவில் இருக்கிற பெண் பையைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றாள். ஏதோ ஒரு கல்யாணப் பை, மணமக்கள் பெயரோடு! 2024 பிப்ரவரி முதல் காலிப் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் முன்பணம்: சிறியதற்கு 15 சென்ட், பெரியதற்கு 25. காலிப் பாட்டிலை இயந்திரத்தின் வாயில் போட்டால் சீட்டு வரும், அதைக் கழித்துச் சாமான் வாங்கலாம். அதற்கு வரிசையில் நிற்பது இந்த வீட்டில் என் உத்தியோகம். மதுவை ராத்திரி பத்து மணிக்கு மேல் கடையில் விற்க மாட்டார்கள், அந்தப் பக்கம் தடுப்புப் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் தேதி முடியப்போகிற ரொட்டி, காய்கறிக்கு மஞ்சள் சீட்டு ஒட்டி விலையைக் குறைப்பார்கள். அந்த நேரம் தெரிந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல கோட்டுப் போட்டவர்களும் அதில் உண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் அரிசி, பருப்பு எல்லாம் கிடைக்கிறது. மலையாளி நர்சுகள் நிறைய வந்ததால் கேரளச் சாமானுக்குக் குறைவில்லை. மட்டை அரிசியும் உண்டு. ஒரே ஒரு முருங்கைக்காயின் விலையைக் கேட்டுவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். கடைக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே, 'எடுத்துட்டுப் போங்க அங்கிள், அடுத்த தடவை குடுங்க' என்றார். நோட்டில் எழுதவில்லை. அடுத்த நாளே நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்பாவின் பற்று நோட்டு ஒன்று ஊரில் என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. டிசம்பரில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். இதைப் படிக்கிற அந்த மாணவர் வரலாம் என்று சொன்னால் வருகிறேன். அம்மா இருக்கிறார்களா என்று மட்டும் முதலில் தனியாகச் சொல்லுங்கள்.

வருகிற சனிக்கிழமை லிமரிக் போகிறோம். அங்கே 1852இல் தொடங்கிய பால் சந்தை இருக்கிறது. மழை விட்டால் படம் போடுகிறேன்.